தகப்பனார் தொழில் என்ற கட்டம்

1

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் மகள் கயல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, பள்ளி, மதிப்பெண். அடுத்து, தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம். அதில் என்னைக் கேட்காமலே 'பத்திரிகையாளர்' என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், கார் உதிரி பாகங்கள் அடுக்கும் கிடங்கு ஒன்றில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குப் போனால் மாலை மூன்றுக்கு விடுவார்கள். பெட்டி வரும். அதன் முதுகில் உள்ள கறுப்புக் கோடுகளைக் கையிலுள்ள கருவியால் சுடுவேன். பீப் என்று சத்தம் வந்தால் அடுத்த பெட்டி வரும். என் தொழில் இதுதான். பத்திரிகைக்கும் எனக்கும் இன்று இருக்கும் உறவு, வாசலில் வந்து விழும் இலவச விளம்பரத் தாளை மடித்துக் குப்பையில் போடுவதோடு சரி.

"அது பழைய கதைம்மா, கிடங்குன்னே போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

கயலுக்குப் பதினேழு வயது. இதழியல் படிக்கப் போகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காரணம் நான்தான். காரைக்குடியில் நான் நிருபராக இருந்தபோது ஒரு பெரிய மனிதர் பொய்ச் செய்தி எழுதச் சொன்னார், மாட்டேன் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று அவளுடைய ஏழாவது வயதில் ஒரு கதை சொன்னேன். பள்ளியில் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டாள், கிடங்கைப் பற்றி என்ன சொல்ல? பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையைக் கேட்பாள். கேட்கக் கேட்க அந்தப் பெரிய மனிதர் வளர்ந்துகொண்டே போனார். ஊராட்சித் தலைவராகத் தொடங்கியவர் போன வருஷம் கிட்டத்தட்ட அமைச்சர் ஆகிவிட்டார்.

கதை பொய். பொய் எழுதச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை. நானாகத்தான் எழுதினேன். என் பொய்யை நம்பி அவள் இந்தப் படிப்புக்குப் போகக் கூடாது; திருப்ப வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டத்தில் இருக்கும் ஆள் காணாமல் போய்விடுவான். ஜனவரி நடுவில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். இன்னும் இரண்டு மாசம் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை உங்களுக்கு எழுதக் காரணம், உங்களில் சிலராவது நான் எழுதிய அந்தப் பொய்ச் செய்தியை அன்று டீக்கடையில் விரித்து வைத்து வாசித்திருப்பீர்கள் என்பதுதான்.

2

நான் கல்லல்காரன். எங்கள் வீட்டில் விவசாயம். இளங்கலை பொருளாதாரம் காரைக்குடியில் படித்து முடித்தபோது அப்பா சொன்னார், "பி.எட். போட்டு வச்சுக்கடா. வாத்தியார் வேலைன்னா மழை பேஞ்சாலும் பேயாட்டியும் ஒண்ணுதான்." நான் கேட்கவில்லை. வெளியூரில் ஒரு கல்லூரியில் இதழியல் முதுகலை இருந்தது. பொருளாதாரத்தை மேலே படிக்கச் சொல்லி எங்கள் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். கணக்கும் வரைபடமும் எவனுக்கு வேண்டும் என்று இருந்தது எனக்கு. பேனா பிடிக்கிற கை என்று நினைப்பு.

இரண்டு வருஷம் என்ன படித்தேன் என்று இன்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது. பத்திரிகைகள் தோன்றிய வரலாறு படித்தோம். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற கேள்விகளை மனப்பாடம் செய்தோம். முக்கியமானதை முதலில் எழுது, மற்றதைக் கீழே தள்ளு, இடமில்லாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் ஆவணப்படம் எடுத்தோம், நடுவில் கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது. வயல் வாரியாகப் பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் என்றால் என்ன, ஊராட்சியின் தீர்மான நோட்டு எங்கே இருக்கும், அதைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை உண்டா, ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஏரியைக் கண்மாய் என்போம்; அதில் எத்தனை அடி மண் எடுத்தால் வயலுக்குப் பாயும் மடைக்குத் தண்ணீர் ஏறாது என்று கேட்டால் எங்கள் வகுப்பில் ஒருவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த சோற்றைத் தின்றவன். ஆனால் படிக்கப் போன இடத்தில் அதையெல்லாம் பட்டிக்காட்டு விஷயம் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன்.

முதல் வகுப்பில் தேறினேன். அப்பா சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அந்தச் சட்டம் இன்னும் கல்லல் வீட்டில் தொங்குகிறது, கரையான் தொடவில்லை என்று தம்பி சொல்கிறான்.

3

டிசம்பர் முதல் வாரத்தில் கயலை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போனேன். சேர விரும்பும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள். பனி முழங்கால் வரை கிடந்தது. இதழியல் துறை மேசையில் நரைத்த முடியுடன் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் செய்தியாளராக இருந்துவிட்டுப் பாடம் எடுக்க வந்தவராம். கயல் தயங்காமல் கேட்டாள், நல்ல செய்தியாளராக வேண்டுமென்றால் இதழியலையே படிக்க வேண்டுமா?

அந்த அம்மாள் சிரித்தார். செய்தி எழுதும் முறையை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்பதற்குத்தான் மீதி வருஷங்கள் வேண்டும் என்றார். சட்டமோ பொருளாதாரமோ மண்ணும் நீரும் பற்றிய அறிவியலோ, ஏதாவது ஒன்றைக் கூடவே ஆழமாகப் படி, இன்னொரு மொழி தெரிந்தால் அதை விட்டுவிடாதே என்றார்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது. உண்மையைச் சொல்லாமலே அவளைத் திருப்ப ஒரு வழி கிடைத்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஆரம்பித்தேன்.

"கேட்டியாம்மா? அந்த அம்மாவே சொல்றாங்க. பேசாம சட்டம் படி. இல்ல, பொருளாதாரம் படி. பத்திரிகையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"அவ அப்பிடிச் சொல்லேல்ல அப்பா. கூடப் படி எண்டுதான் சொன்னவ."

என் மகள் பேசும் தமிழ் கல்லல் தமிழ் இல்லை. இந்தப் பக்கம் நம் ஆட்களைவிட ஈழத்தமிழர்கள்தான் அதிகம். பள்ளித் தோழிகளின் வீடுகளில் பேசிப் பழகிய தமிழ் அவளுடையது. நான் "இங்குட்டு வா" என்றால் சிரிப்பாள். பேச்சு இவ்வளவு நன்றாக வருகிற பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாலாம் வகுப்பு வரை போனாள். பிறகு நீச்சல் பயிற்சி சனிக்கிழமைக்கு மாறியது, தமிழ் போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். இரண்டும் எடுபடவில்லை.

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன். கோபம் வந்தால் மகளையே பன்மையில் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"நீங்களும் இதைத்தானே படிச்சனீங்கள்? அதாலதானே அண்டைக்கு ஏலாது எண்டு சொல்ல உங்களுக்குத் துணிவு வந்தது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

4

காரைக்குடியில் நான் நிருபரான கதையைச் சொல்ல வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை, அதன் மாடியில் ஓர் அறை. ஐந்து பேப்பருக்கு ஐந்து நிருபர்கள் அங்கே கூடுவோம். ஐந்து பேரும் பகுதி நேரம்தான். ஒருவர் ஸ்டூடியோ வைத்திருந்தார், ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. எங்களில் மூத்தவர் பாண்டி அண்ணன், அவருக்கு ஓர் அச்சாபீஸ் இருந்தது. இதையே படித்துவிட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான்.

அங்கே ஒரு முறை இருந்தது. ஒரு செய்தியை ஒருத்தர் எழுதினால் போதும். மற்ற நாலு பேரும் அதையே தங்கள் பேப்பருக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் வரியை லேசாக மாற்றுவார்கள், அதுவும் மனசு இருந்தால். ஒருத்தர் மட்டும் தனியாக ஒன்றைக் கொடுத்து மற்றவர்கள் தலைமையிடத்தில் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஒற்றுமை அது. நான் வந்து சேர்ந்த வாரமே பாண்டி அண்ணன் சொல்லிவிட்டார், "டிகிரி படிச்ச தம்பி வந்திருச்சு. இனி மேட்டர் எழுதுற வேலை செல்வத்துக்குத்தான். நாங்க டீ வாங்கித் தாரோம்."

பெருமையாக இருந்தது எனக்கு. காலையில் எழுந்தால் ஐந்து பேப்பரிலும் என் எழுத்து. பெயர் மட்டும் இருக்காது, 'நமது நிருபர்' என்று இருக்கும். இந்த ஊரே என் கண்ணால்தான் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். என் கண் அந்த மாடி அறையை விட்டு வெளியே போகவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒரே நாளில் நாற்பது இடத்தில் விழா என்றால் நாற்பது இடத்துக்கும் யார் போவது? போகாமல் எழுதப் பழகினேன். அழைப்பிதழைப் பார்த்தால் போதும். தலைமை வகித்தார், முன்னிலை வகித்தார், வரவேற்றார், திரளானோர் கலந்துகொண்டனர், நன்றி கூறினார். விழா பதினொரு மணிக்கு என்றால் என் செய்தி பத்துக்கே தயாராக இருக்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பிவிட்டு மத்தியானம் வீட்டில் தூங்குவேன். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒருத்தரும் 'இப்படி நடக்கவில்லையே' என்று கேட்டதில்லை. தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

5

அக்டோபர் இரண்டு. ஊராட்சிகள் எல்லாவற்றிலும் கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அக்டோபர் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

காரைக்குடிக்கு மேற்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். முதல் நாளே அந்த ஊர்த் தலைவர் போன் செய்தார். நல்ல மாதிரியாகப் பேசக்கூடியவர். "தம்பி, நாளைக்கு எங்க ஊர்ல கண்மாய்ல மண்ணு எடுக்கத் தீர்மானம் போடுறோம். அதையும் ஒரு வரி சேத்துக்கங்க" என்றார். சரி என்றேன். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. மகளுக்குச் சொன்ன கதையில் வரும் வில்லன் இந்த மனுஷன்தான்.

மற்ற ஊர்களுக்கு எழுதியது போலவே எழுதினேன். 'பொதுமக்கள் பலர் கலந்துகொண்டனர். கண்மாயில் மண் எடுக்க அனுமதிப்பது உள்ளிட்ட தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன.' காலை ஒன்பதே முக்காலுக்கு அனுப்பினேன். மறுநாள் ஐந்து பேப்பரிலும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து மாடி அறைக்கு ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் பஞ்சவர்ணம் என்றார். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயல். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஐந்து பேப்பர். அறையில் இருந்த மற்றவர்கள் எழுந்து ஆளுக்கொரு வேலையாகப் போய்விட்டார்கள். பாண்டி அண்ணன் மட்டும் போகும்போது என்னைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

"தம்பி, இத எழுதுனது நீங்கதானாமே?"

"ஆமாக்கா."

"அன்னைக்குப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் மண்ணெடுக்கக் கூடாதுன்னு எந்திரிச்சு வந்துட்டோம் தம்பி. நோட்டுல ஒருத்தியும் கையெழுத்துப் போடல. கூட்டம் கலஞ்சு போச்சு. மனுக் கொடுக்கப் போனா, ஆபீசரு இந்த அஞ்சு பேப்பரையும் எடுத்துக் காட்டுறாரு. அஞ்சு பேப்பரும் ஒண்ணு போலப் பொய் சொல்லுமான்னு கேக்குறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "நீங்க அன்னைக்கு வந்திருந்தீகளா?"

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து பேப்பரும் ஒரே பேப்பர் ஆகியிருக்கும், அந்த ஒன்றும் காற்றில் பறந்திருக்கும்.

"வந்திருந்தேன்க்கா. பின்னாடி நின்னேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பத்தொன்பது வருஷத்தில் மறந்திருப்பேன். "அப்பிடியா? அப்ப நாங்க எந்திரிச்சு வந்த பெறகு நடந்திருக்குமோ என்னமோ. நீங்க படிச்சவக, நின்னு பாத்திருக்கீக" என்றார். தன் கண்ணால் பார்த்ததை என் வார்த்தைக்காக விட்டுக்கொடுத்தார். பையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கும்போது, "பொம்பளைக எந்திரிச்சு வந்தாகன்னு ஒரே ஒரு வரி போட்டாப் போதும் தம்பி, முடிஞ்சாப் பாருங்க" என்றார்.

பாண்டி அண்ணனிடம் கேட்டேன். "மறுப்பு போட்டா நம்ம அஞ்சு பேரும் போனோம்டா. இன்னும் பத்து நாள்ல அந்தம்மாவே மறந்துரும்" என்றார். போடவில்லை.

பொங்கலுக்கு முன்னால் கல்லல் பஸ்ஸில் போனபோது அந்தக் கண்மாயைப் பார்த்தேன். கரையில் டிப்பர் லாரிகள் வரிசையாக நின்றன. நடுவில் பனைமர உயரத்துக்குக் குழி. தண்ணீர் எல்லாம் குழிக்குள் இறங்கிக் கிடந்தது, மடை காய்ந்து நின்றது. அந்த மாசமே வேலையை விட்டேன். இதற்கு மனசாட்சி என்று பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். உண்மையில் பயம். இன்னொரு மஞ்சள் பை படியேறி வந்துவிடுமோ என்ற பயம். அதன் பிறகு வெளியூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன், கல்யாணம் ஆனது, கயல் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது இங்கே வந்தோம்.

6

வந்ததும் என் மனைவி உமாவின் கணினிப் படிப்பால்தான். எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று என் பட்டத்தையும் மதிப்பிட அனுப்பினோம். முதுகலைப் பட்டம் இங்கே இரண்டு வருஷ டிப்ளமாவுக்குச் சமம் என்று பதில் வந்தது. நிருபராக வேலை பார்த்ததற்குச் சான்று கேட்டார்கள். நியமனக் கடிதம் உண்டா? இல்லை. சம்பளச் சீட்டு? இல்லை. உங்கள் பெயரில் வெளியான கட்டுரைகள்? ஏழு வருஷமும் 'நமது நிருபர்'. ஐந்து பேப்பரில் ஆயிரக்கணக்கான செய்தி எழுதியவன், ஒரு வரிகூட நான் எழுதியது என்று நிரூபிக்க முடியாமல் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். அவமானமாக இருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான், பஞ்சவர்ணம் அக்காவாலும் நிரூபிக்க முடியாது என்று தோன்றியது. அந்த நினைப்பு கொடுத்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

இனி டிசம்பருக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு கயல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். 'இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தேன்.' அதற்கு அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவரிடம் பேச வேண்டும் என்றாள். யார் நம்பரும் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உமா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள், "பாண்டி அண்ணன் நம்பர் என்ட்ட இருக்கே. வருசா வருசம் பொங்கல் வாழ்த்து அனுப்புறாருல்ல?" உமாவுக்கும் நான் அந்தக் கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை காலை. ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போனால் சந்தேகம் வரும் என்று அங்கேயே நின்றேன்.

"ஆத்தா, நல்லா இருக்கீகளா? செல்வம் மகளா பேசுறது? பேச்சு என்னமோ வேற மாதிரி இருக்கு, ஆனா கேக்க நல்லா இருக்குத்தா" என்றார் பாண்டி அண்ணன். வயதாகியும் அதே உற்சாகம்.

"மாமா, அப்பா எப்பிடி வேலை செய்தவர் எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"ஒங்க அப்பா மாதிரி எழுத இன்னைக்கு வரைக்கும் இங்குட்டு ஆள் இல்லத்தா. நாங்க அஞ்சு பேரு, அஞ்சு பேப்பரு. எழுதுறது செல்வம் ஒரு ஆளுதான்."

"அப்ப எல்லாரும் ஒண்டாப் போவீங்களா?"

அவர் கடகடவென்று சிரித்தார். "எங்குட்டுப் போறது? போகாமலே எழுதுவாருத்தா, அதுல இருக்கு தெறமை. கூட்டம் பதினோரு மணிக்குன்னா செய்தி பத்து மணிக்கே ரெடி. அம்புட்டுத் துல்லியமா இருக்கும். ஏழு வருசத்துல ஒரே ஒரு தடவதான் சிக்கல் வந்துச்சு. கண்மாய் மண்ணு சம்பந்தமா ஒரு பொம்பள வந்துச்சு, ஒங்க அப்பா நான் அங்கதான் நின்னேன்னு சொல்லிச் சமாளிச்சு அனுப்பிட்டாரு. என்னமோ அதோட மனசு விட்டுப்போச்சு. இல்லைன்னா இன்னைக்குப் பெரிய இடத்துல இருப்பாரு."

மனுஷர் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவர் குரலில் துளி வஞ்சகம் இல்லை. நான் நறுக்குவதை நிறுத்தியிருந்தேன். கயல் என் பக்கம் திரும்பவில்லை. நோட்டில் ஏதோ எழுதினாள், நன்றி சொன்னாள், வைத்துவிட்டாள். பிறகு தான் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனாள். உமா என்னைப் பார்த்து, "என்னங்க இது?" என்றாள். நான் நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டேன்.

7

எட்டு நாள் கயல் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக் கத்துவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகப் பதில்கூட வைத்திருந்தேன்: எல்லா ஊரிலும் அப்படித்தான், நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும், உனக்கு அந்த ஊர் நிலைமை தெரியாது. அந்தப் பதில்களுக்கு வேலையே வரவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்பா, இதில இருங்க. கட்டுரைக்கு உங்களோட கதைக்கோணும். பதிவு செய்யலாமா?"

தலையாட்டினேன். போனை நடுவில் வைத்தாள்.

"அண்டைக்கு அந்தக் கூட்டத்தில நீங்க நிண்டனீங்களா?"

பேச்சு வேறு, கேள்வி அதே கேள்வி. பஞ்சவர்ணம் அக்கா மறுபடி படியேறி வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"இல்லை" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"அந்த அம்மாவின்ர பேர் என்ன?"

"பஞ்சவர்ணம்."

"நீங்க எழுதினதில அவவின்ர பேர் இருக்கா?"

"இல்ல. பொதுமக்கள் பலர்னு போட்டிருந்தேன்."

"இப்ப உயிரோட இருக்கிறாவா?"

"தெரியலம்மா."

"ஏன் தெரியேல்ல?"

"கேக்கல."

"பத்தொன்பது வருசமாவா?"

போனின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கெஞ்சினேன், "இந்தப் படிப்பு வேண்டாம் கயலு. என்னையப் பாத்தேல்ல? வேற எதாச்சும் படி."

"நீங்க பிழை விட்டதுக்கு நான் ஏன் இந்தப் படிப்பை விட வேணும்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பிறகு ஒன்று சொன்னாள். பாண்டி மாமாவை விசாரிக்கச் சொல்லியிருந்தாளாம், பதில் வந்துவிட்டதாம். அவருடைய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். "இருக்குதாம்த்தா. அதே ஊர்லதான். வயக்காடு கருவக்காடாக் கெடக்கு. நூறு நாள் வேலைக்குப் போகுதாம். அந்தப் பேப்பருகள இன்னும் வச்சிருக்குன்னு மகன் சொல்றான்." ஊரில் இருந்தபோது நான் செய்திருக்க வேண்டிய வேலையை, ஊரையே சரியாகப் பார்க்காத பிள்ளை இங்கிருந்து ஒரு வாரத்தில் செய்து முடித்திருந்தாள். பெருமைப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை.

ஜனவரியில் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பத்தை அனுப்பினாள். அனுப்பும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் 'கிடங்குத் தொழிலாளி' என்று இருந்தது.

"இப்ப சரிதானே அப்பா?"

"சரிதாம்மா" என்றேன். பதினாலு வருஷமாகப் பார்க்கும் வேலை. அதை எழுத்தில் பார்த்தபோது முகத்தில் அறைந்தது போல இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

முதல் விருப்பம் இதழியல்தான். மாற்றவில்லை. அதற்குக் கீழே முதல் ஆண்டில் கூடுதலாக எடுக்க விரும்பும் பாடம் என்று ஓர் இடம். அதில் 'தொடக்கநிலைத் தமிழ், எழுத்தும் வாசிப்பும்' என்று தேர்ந்தெடுத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷம் மன்றாடியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

"தமிழா? நெசமாவா? என்னம்மா திடீர்னு?"

"அந்தச் செய்தியை நான்தான் வாசிக்கோணும். வேற ஆரும் வாசிச்சுச் சொல்லக் கூடாது" என்றாள் கயல். "உங்களிட்ட இருக்கா?"

இருக்கிறது. ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை, பாஸ்போர்ட் பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். இடம் கிடைத்தால் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். அகரத்தில் ஆரம்பித்து 'ஏகமனதாக' என்ற சொல்லுக்கு வந்து சேர ஒரு பிள்ளைக்கு எத்தனை மாசம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.